மத்தியஸ்தர் காணாத தொடுகையை ஒப்புக்கொள்ளுமாறு மாணவர்களிடம் கேட்கலாமா?

வலிகாமம் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்திலுள்ள ஒரு பாடசாலையில் 16 வயதுக்குட்பட்ட ஆண்கள் கரப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். அண்மையில் நடந்த ஒரு போட்டியின் மூன்றாவதும் இறுதியுமான செற்றில் இரு அணிகளும் 13 புள்ளிகளுடன் சமமாக நின்றபோது, எதிரணி அடித்த பந்து எல்லைக்கு வெளியே விழுந்தது. மத்தியஸ்தரும் புள்ளி எமக்கே என்று கையைக் காட்டிவிட்டார். ஆனால் பந்தை வலையோரம் மறிக்க (புளொக்) எழுந்த எமது மாணவன், பந்து தன் விரலில் பட்டுத்தான் வெளியே போனது என்று தானாகவே கையை உயர்த்திச் சொன்னான். தீர்ப்பு மாறி, புள்ளி எதிரணிக்குப் போனது. அடுத்த புள்ளியையும் எதிரணியே எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது.

அப்படிச் செய்யும்படி நானோ வேறு எவருமோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எதிரணியின் பயிற்றுநர் வந்து அவனைத் தோளில் தட்டிவிட்டுப் போனார். எமது பக்கத்திலோ, மைதான ஓரத்தில் நின்ற பழைய மாணவர்கள் சிலர் எல்லோருக்கும் முன்னால் அவனை ஏசினார்கள். ஒரு பிள்ளையின் தந்தை என்னிடம் வந்து, "முதல்லை வெல்லப் பழக்குங்கோ சேர், நல்ல பிள்ளையா இருக்கிறதை நாங்கள் வீட்டிலை பழக்கிறம்" என்றார். மறுநாள் பயிற்சியின்போது, இனி இப்படியொரு நிலைமை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அணித்தலைவன், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, என்னிடம் கேட்டான். அடுத்த வாரம் இதைப்பற்றி விரிவாகப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த மாணவன் செய்தது நல்ல செயல் என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. ஆனால் அதை அணி முழுவதற்குமான விதியாக நான் வைக்கலாமா? மற்றைய அணிகள் அப்படிச் செய்யாதபோது, எமது பிள்ளைகளை மட்டும் அதற்குக் கட்டுப்படுத்துவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகிவிடுமா? இன்னொன்றையும் கேட்கவேண்டும். அதே போட்டியில் எதிரணிப் பிள்ளைகள் சேர்விஸ் போட வந்த ஒவ்வொரு முறையும் எமது ஆதரவாளர்கள் கூக்காட்டினார்கள். களத்துக்குள்ளே ஒரு பிள்ளை உண்மையாக நடந்துகொண்டிருக்க, களத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் அப்படி நடந்துகொண்டதை எப்படிக் கையாள்வது? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


வடமராட்சி மத்தியஸ்தர் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நீண்ட காலமாகக் கரப்பந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்து வருபவன் என்ற வகையில், விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்; மைதான ஓரத்தில் நடக்கும் வாதங்களில் விதிநூலை வாசித்தவர்களின் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை. சர்வதேசக் கரப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிநூலில் 20ஆம் விதி விளையாடுவோரின் நடத்தையைப் பற்றியது. மத்தியஸ்தரின் தீர்ப்பை வாதாடாமல் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றும், ஐயம் இருந்தால் களத்தில் நிற்கும் அணித்தலைவர் மாத்திரமே விளக்கம் கேட்கலாம் என்றும் அது சொல்கிறது. மத்தியஸ்தரின் தீர்ப்பைத் தம் பக்கம் திருப்புவதற்காகவோ, தமது அணி விட்ட தவறை மறைப்பதற்காகவோ எந்தச் செயலும் பாவனையும் செய்யக்கூடாது என்று அதே விதியில் தெளிவாக இருக்கிறது. மரியாதை காட்டவேண்டியவர்களின் வரிசையில் மத்தியஸ்தர்களோடு எதிரணியையும் சக வீரர்களையும் பார்வையாளர்களையும் அது சேர்த்தே சொல்கிறது.

இதை நிதானமாக வாசித்தால், தொடுகையைத் தானாக ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று விதி கட்டளையிடவில்லை என்பதும், மறைக்கக்கூடாது என்று கட்டளையிடுகிறது என்பதும் விளங்கும். பந்து விரலில் பட்டதை நன்றாக அறிந்த பிள்ளை உடனே இரு கைகளையும் விரித்து "படவில்லை" என்று ஆட்டிக் காட்டுவதும், புள்ளி கிடைத்துவிட்டதுபோலத் துள்ளிக் குதித்து மத்தியஸ்தரின் மனதை இழுக்கப் பார்ப்பதும் எமது மைதானங்களில் அன்றாடக் காட்சிகளாகிவிட்டன. பல பிள்ளைகள் இதைத் தவறென்று நினைத்துச் செய்வதில்லை, பெரியவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் ஒரு விதி வைக்க விரும்பினால் இதிலிருந்து தொடங்குங்கள். இதைத் தடுப்பதற்கு விதிநூலே உங்களுக்குப் பக்கத்துணையாக நிற்கிறது.

ஒப்புக்கொள்வது இன்று ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய முறையில் ஒரு செற் 15 புள்ளிகளைக் கொண்டிருந்தது. சேர்விஸ் போடும் அணிக்கு மாத்திரமே புள்ளி கிடைக்கும். ஆகவே சேர்விஸ் எமது கையில் இருக்கும்போது தொடுகையை ஒப்புக்கொண்டால் சேர்விஸ் மாறுவதோடு முடிந்துவிடும். 1990களின் கடைசியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை வந்த பின்னர், ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு புள்ளியை நேரடியாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது. 13க்கு 13 என்ற நிலையில் உங்கள் மாணவன் கையை உயர்த்தினான் என்றால், அவன் எதைக் கொடுக்கிறான் என்பதை அறிந்துதான் கொடுத்திருக்கிறான்.

உலக மட்டத்திலும் இதைப்பற்றி யோசித்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு கரப்பந்தாட்ட நேஷன்ஸ் லீக் போட்டிகளில், எதிரணி காணொளி மூலம் மீளாய்வு கேட்கும்போது தொடுகையைத் தானாகவே ஒப்புக்கொள்ளும் வீரருக்கு மத்தியஸ்தர் பச்சை அட்டை காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். மீளாய்வுக்குச் செலவாகும் நேரம் மிஞ்சுகிறது, வீரரின் நேர்மையும் எல்லோரும் பார்க்கப் பாராட்டப்படுகிறது. எமது பாடசாலைப் போட்டிகளில் காணொளியும் இல்லை, பச்சை அட்டையும் இல்லை. சில இடங்களில் எல்லைக்கோட்டு நடுவர்களாகப் போட்டியிடும் பாடசாலைகளின் மாணவர்களையே நிறுத்தவேண்டியும் வருகிறது. விரல் நுனியில் பட்டு வேகமாகப் போகும் பந்தை, வலையின் ஓரத்தில் நிற்கும் எம்மால் எல்லா வேளையிலும் காணமுடியாது. அதை உறுதியாக அறிந்தவன் அந்தப் பிள்ளை ஒருவன்தான்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அடுத்த முறை மத்தியஸ்தர் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வார் என்று பிள்ளைகளை உற்சாகப்படுத்தவேண்டாம். நாங்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.


யாழ் நகர் பழைய மாணவன் எழுதியது:

நான் துடுப்பாட்டக்காரன். பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையில் 1904இலிருந்து நடந்துவரும் பெரும் போட்டியைச் சிறு வயது முதல் மைதான ஓரத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன். மத்தியஸ்தர் ஐயா எழுதியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஒப்புக்கொள்வதை அணிக்கு விதியாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

2003 உலகக்கிண்ண அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடிய அடம் கில்கிறிஸ்ற், அரவிந்த டி சில்வாவின் பந்து தன் மட்டையில் பட்டுப் பிடிக்கப்பட்டதை அறிந்து, நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்ற பிறகும் தானாகவே வெளியே நடந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாங்கள் அதைப் பேசுகிறோம் என்றால், எவரும் கேட்காமல் அவர் செய்தார் என்பதற்காகத்தான். அவருடைய அணியிலிருந்த எல்லோரும் அதைப் பின்பற்றவுமில்லை. பொறுப்பாசிரியரின் கட்டளைக்குப் பயந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினால், அது கீழ்ப்படிவாகத்தான் இருக்கும். ஆசிரியர் இல்லாத மைதானத்தில் அது நிற்காது. கேட்கப்பட்டால் பொய் சொல்லக்கூடாது என்று வையுங்கள். தானாக முன்வந்து சொல்வதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்கள்.

விதி அனுமதிக்கிறது என்பதால் மட்டும் ஒரு செயல் எதிராளியை மதிப்பதாகிவிடாது என்பதற்கு, எமது நாட்டு வீரர்கள் சம்பந்தப்பட்ட இரண்டு நிகழ்வுகளையே எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் குவாஹாட்டியில் தசுன் ஷானக 98 ஓட்டங்களுடன் பந்துவீச்சாளர் முனையில் நின்றபோது, பந்து வீசப்படும் முன்பே அவர் கோட்டிலிருந்து நகர்ந்ததைக் கண்ட மொஹமட் ஷமி விக்கெட்டைத் தட்டி ஆட்டமிழப்புக் கோரினார். அப்படி ஆட்டமிழக்கச் செய்வது விதிப்படி சரியானது. ஆனாலும் அணித்தலைவர் ரோஹித் சர்மா அந்தக் கோரிக்கையை மீளப்பெற்றார், ஷானக சதமடித்தார். அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில் அஞ்சலோ மத்தியூஸ் தலைக்கவசத்தின் பட்டி அறுந்து தாமதமானபோது, பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன், பந்தை எதிர்கொள்ளத் தயாராகவேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று ஆட்டமிழப்புக் கோரினார். நடுவர்கள் கேட்டும் அவர் அதை மீளப்பெறவில்லை. சர்வதேசத் துடுப்பாட்டத்தில் அந்த முறையில் ஆட்டமிழந்த முதல் வீரர் மத்தியூஸ்தான். விதி இரண்டு தலைவர்களுக்கும் ஒரேயளவு இடம் கொடுத்திருந்தது. ஒருவர் அதை எடுக்கவில்லை, மற்றவர் எடுத்தார். டெல்லியில் ஆட்டம் முடிந்த பின்னர் இரு அணியினரும் கைகொடுக்காமலேயே பிரிந்தார்கள். ஷகிப் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், எமது வீரர்கள் கைகொடுக்காமல் போனதை அதைக் காரணம் காட்டி நியாயப்படுத்தவும் மாட்டேன். கோபம் நியாயமானதாக இருந்த வேளையில்தான் கைகொடுத்திருக்கவேண்டும்.

நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் துடுப்பாட்டம் கற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டு விதிநூலுக்கு ஆட்டத்தின் உணர்வைப்பற்றிய முன்னுரையொன்றைச் சேர்த்தார்கள். 2017இல், மோசமாக நடந்துகொள்ளும் வீரரை ஆட்டத்தின் எஞ்சிய பகுதி முழுவதற்கும் வெளியேற்றும் அதிகாரத்தை நடுவர்களுக்கு விதியாகவே எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. ஆகவே அவமதிப்புக்கு விதியும் தண்டனையும் இருக்கட்டும். பெருந்தன்மையை விதியாக்கவேண்டாம் என்பதே என் கருத்து.


தென்மராட்சி வலைப்பந்துப் பயிற்றுநர் எழுதியது:

ஆசிரியர் அவர்கள் இரண்டாவதாகக் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொடுகையை ஒப்புக்கொள்வதா இல்லையா என்பது ஒரு போட்டியில் ஓரிரு முறை எழும் பிரச்சினை. எதிரணிப் பிள்ளையைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்வது போட்டி தொடங்கியதிலிருந்து முடியும்வரை நடக்கிறது.

பெண்பிள்ளைகளின் போட்டிகளை நடத்துபவள் என்பதால் இதைச் சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். உயரம், உடற்பருமன், நிறம், அணிந்திருக்கும் காற்சட்டையின் நீளம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். ஊரின் பெயரைச் சொல்லிப் பழிக்கிறார்கள். அந்த ஊரின் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்கும் பிள்ளைக்கும் தெரியும். இதைப் "போட்டி என்றால் அப்படித்தான்" என்று விடுகின்ற ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். மைதானத்தில் ஒருவரை அவருடைய பிறப்பைச் சொல்லித் தாழ்த்துவது விளையாட்டு உற்சாகத்தில் வருகின்ற தவறு அன்று. எமது சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் கொடுமை, கூட்டத்துக்குள் மறைந்து நின்று வெளியே வருகிறது. அப்படியொரு சொல் எமது பக்கத்திலிருந்து வந்தால், புள்ளிநிலை எதுவாக இருந்தாலும் நான் நடுவரிடம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி, சொன்னவரை வெளியே போகச் சொல்வேன். எதிரணிப் பொறுப்பாசிரியையிடமும் அந்தப் பிள்ளையிடமும் அங்கேயே வருத்தம் தெரிவிப்பேன். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் காரணம் மிக எளிமையானது. யாழ்ப்பாணம் சிறிய இடம். இன்று கோட்டப் போட்டியில் உன்னை மறித்து விளையாடும் பிள்ளை, நாளை மாவட்ட அணியிலோ மாகாண அணியிலோ உனக்குப் பந்து எறியப்போகிறாள். பின்னேரம் ரியூசனில் உனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கப்போகிறாள். புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து சென்ற தர்ஜினி சிவலிங்கம், 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்துச் சம்பியன்களான இலங்கை அணிகளில் விளையாடினார். அந்த அணிகளில் அவரோடு சேர்ந்து ஆடியவர்கள், உள்நாட்டுப் போட்டிகளில் வெவ்வேறு அணிகளுக்காக ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்களும்தான். எதிராகவும் ஆடி, பிறகு சேர்ந்தும் ஆடவேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால், வாயில் வரும் சொற்கள் தானாகவே குறைகின்றன.

மரியாதை என்று சொன்னதும் சிலர் மென்மையாக விளையாடுவது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. வலைப்பந்தில் பந்தை வைத்திருப்பவரிடமிருந்து மூன்று அடி விலகி நிற்கவேண்டும், பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிடவேண்டும். இவற்றுக்குள் நின்றுகொண்டு எவ்வளவு கடுமையாக மறிக்க முடியுமோ அவ்வளவு கடுமையாக மறிக்கத்தான் வேண்டும். நாங்கள் 30 கோல் முன்னணியில் இருக்கும்போது வேண்டுமென்றே குறிதவறி எறியும்படி ஒருபோதும் சொல்வதில்லை, எதிரணிப் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிடும். தோல்வியைவிட அந்த இரக்கம்தான் அவர்களை அதிகம் நோகச் செய்யும். அதற்குப் பதிலாக, கால் பகுதி இடைவேளையில் வாங்கில் இருக்கும் பிள்ளைகளை இறக்குகிறேன், கோல் எறிபவளைப் பின்வரிசையில் நிறுத்துகிறேன். எல்லோரும் முழு முயற்சியோடு ஆடுவார்கள், எமது பிள்ளைகளும் புதிதாக எதையாவது கற்பார்கள்.


கரையூர் உதைபந்துக்காரன் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. 2018 உலகக்கிண்ண உதைபந்தாட்டத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல்கள் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. இரு அணிகளும் மோதிய ஆட்டமும் சமநிலையில்தான் முடிந்திருந்தது. ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டைகள் 4, செனகல் வாங்கியவை 6 என்ற கணக்கிலேயே ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. எமது ஊர்ச் சுற்றுப்போட்டிகளிலும் சமநிலை வந்தால் நாணயம் சுண்டுவதற்கு முன் அட்டைகளை எண்ணும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம். கழக நிர்வாகிகளே வீரர்களை அடக்கிவைக்கத் தொடங்குவார்கள். ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. அன்று ஜப்பான் போலந்திடம் ஒரு கோலால் பின்தங்கியிருந்தபோதும், அட்டைக் கணக்குத் தமக்குச் சாதகமாக இருந்ததால் கடைசி நிமிடங்களில் முன்னேற முயலாமல் பந்தைத் தமக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. அட்டை வாங்காத அணி எல்லாம் எதிராளியை மதித்து ஆடிய அணி என்று சொல்லிவிட முடியாது.


வலிகாமம் ஆசிரியர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளோடு பேசுவதற்கு முன்னர் என் முடிவை இங்கே எழுதுகிறேன். தவறை மறைக்கும் கைச்சாடை எதையும் எமது அணியில் எவரும் செய்யக்கூடாது, மத்தியஸ்தர் கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். இவை இரண்டும் விதிகள். தானாக முன்வந்து ஒப்புக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் அப்படி ஒப்புக்கொள்ளும் பிள்ளையைச் சக வீரனோ, பழைய மாணவனோ, பெற்றோரோ ஏசினால், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நான் நிற்பேன் என்பதை அணி முன்னிலையிலும் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லப்போகிறேன். அந்தத் தந்தையையும் தனியாகச் சந்திக்க எண்ணியிருக்கிறேன். தன் மகன் வெல்லவேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. நேர்மையை வீட்டுக்கும் வெற்றியை மைதானத்துக்கும் என்று பிரித்துக் கொடுக்க முடியாது என்பதை அவருக்கு மரியாதையோடு சொல்லவேண்டும்.

பயிற்றுநர் அம்மா சாதியைப்பற்றி எழுதியதை அப்படியே எமது விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் வாசிக்க அனுமதி கேட்கிறேன். மத்தியஸ்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பார்வையாளர்கள் கூக்காட்டும்போது அல்லது இழிவாகப் பேசும்போது, பொறுப்பாசிரியர் நேரடியாக உங்களிடம் முறையிடலாமா?


தென்மராட்சி வலைப்பந்துப் பயிற்றுநர் எழுதியது:

தாராளமாக வாசியுங்கள். என் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை.


வடமராட்சி மத்தியஸ்தர் எழுதியது:

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பொறுப்பாசிரியர் மத்தியஸ்தரிடம் வந்து பேசவேண்டாம்; பந்து ஓய்ந்த பிறகு அணித்தலைவர் ஊடாகச் சொல்லி அனுப்புங்கள். பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது போட்டியை நடத்துபவர்களின் பொறுப்பு என்பதால், நாங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஏற்பாட்டாளர்களை அழைப்போம். நிலைமை சீராகும்வரை மீண்டும் தொடங்கமாட்டோம். இதைவிடப் பயனுள்ள வழியொன்று இருக்கிறது. போட்டி தொடங்குவதற்கு முன் இரு பாடசாலைகளின் பொறுப்பாசிரியர்களும் சேர்ந்து ஆதரவாளர்கள் நிற்கும் இடத்துக்குப் போய், எதைப் பொறுத்துக்கொள்ளப்போவதில்லை என்பதை அவர்களுக்கு நேரடியாகச் சொல்லுங்கள். ஒரு பாடசாலையின் ஆசிரியர் மட்டும் போனால் மற்றப் பக்கம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளும். இருவரும் சேர்ந்து போன இடங்களில் சத்தம் குறைந்ததை நான் பல போட்டிகளில் கண்டிருக்கிறேன்.